செங்கலின் கணக்கும் பண்டிகை நாளும்





சென்ற ஆண்டின் கடைசி ஞாயிற்றுக்கிழமை இரவு, ஆலயத்தின் கதவைப் பூட்டப் போன வேளையில், நம் சபையின் சகோதரி ஒருவர் படியருகே வந்து நின்றார். காலணித் தொழிற்சாலை ஒன்றில் பல ஆண்டுகளாக அப்பர் தைக்கும் பிரிவில் வேலை செய்கிறவர் அவர். கம்பெனி பேருந்திலிருந்து இறங்கி நேரே வந்திருந்தார். தோளில் சாப்பாட்டுப் பை. விரல்களில் பசையின் வாடை இன்னும் போகவில்லை. "ஐயா, கிறிஸ்மஸைக் குடுத்துட்டு ஞாயித்துக்கிழமைய எடுத்துக்கிட்டாங்க" என்றார்.

நடந்தது இதுதான். டிசம்பர் 25 விடுமுறை என்று தொழிற்சாலையின் அறிவிப்புப் பலகையில் எழுதிய கையே, அதற்கு ஈடாக 28ஆம் தேதி ஞாயிறு வேலை நாள் என்றும் எழுதியிருந்தது. வராதவர்களுக்கு அந்த மாதத்து வருகை ஊக்கத்தொகை இல்லை. அந்த ஞாயிறு நமக்கு ஆண்டின் கடைசித் திருவிருந்து நாள். வருடம் முழுவதும் தம்மைக் காத்த தேவனுக்கு நன்றி சொல்லி அப்பத்தையும் ரசத்தையும் பெறக் காத்திருந்த அந்தச் சகோதரி, அந்த நேரத்தில் யாரோ ஒருவர் அணியப் போகும் காலணிக்கு மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தார்.

ஜனவரியில் நம் வாலிபர் கூட்டத்தில் இதைச் சொன்னேன். கொந்தளித்தார்கள். "எங்கள் பண்டிகைக்கு மட்டும் ஏன் ஈடு?" என்று கேட்டார்கள். அப்போதே மனு எழுதத் தொடங்கினோம். நானே வாக்கியம் வாக்கியமாகச் சொல்ல, ஒரு தம்பி எழுதிக்கொண்டிருந்தான். மூன்றாவது வாக்கியத்தில் ஒரு பெண் எழுந்து நின்றாள். நம் சபை விசுவாசி ஒருவர் ஜாப் ஒர்க் எடுத்து நடத்தும் சிறிய தையல் கூடத்தில் வேலை செய்கிறவள். "ஐயா, மாட்டுப் பொங்கல் அன்னிக்கு எங்க யூனிட்ல எல்லாரையும் வேலைக்கு வரச் சொன்னாங்க. என்கூட தைக்கிற அக்காங்க எல்லாரும் இந்துங்க. அவங்க யார்கிட்ட ஐயா மனு குடுப்பாங்க?" என்று கேட்டாள்.

அறையில் ஒருவரும் பேசவில்லை. எனக்கோ வேறொன்று நினைவுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் திருக்கார்த்திகை அன்று மாலை, ஆலயத்தின் கோபுரத்தில் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைக் கட்டுவதற்காக ஒரு மின் பணியாளரை அழைத்திருந்தேன். அவர் ஏணியைச் சார்த்திவிட்டுச் சற்றுத் தயங்கினார். "வீட்ல வெளக்கு வைக்கிற நேரம் ஐயா" என்றார். "சீக்கிரம் முடித்துவிட்டுப் போங்கள்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஏறினார். பெத்லெகேமின் வெளிச்சத்தை எல்லாருக்கும் காட்டுவதற்காக ஒரு மனிதரின் வீட்டு விளக்கை இரண்டு மணி நேரம் இருட்டில் வைத்தேன். அன்று அது எனக்குப் பாவமாகத் தோன்றவில்லை. அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பின்னரே தோன்றிற்று.

ஆகையால் இவ்வாரம் உங்களோடு சற்றுக் கடினமாகவே பேசப் போகிறேன். நம்முடைய பண்டிகை நாளை உரிமையாகக் கேட்க வேண்டும். சலுகையாக இரந்து நிற்க வேண்டியதில்லை. அதே மூச்சில் அயலானுடைய நாளையும் கேட்காதவனுக்கும், தன் கைக்குள் இருப்பதை முதலில் கொடாதவனுக்கும், கிறிஸ்துவின் பெயரால் அந்த உரிமையைக் கேட்கத் தகுதியில்லை.

"இது உலகக் காரியமாயிற்றே, பிரசங்க பீடத்துக்கும் விடுமுறைப் பட்டியலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்பீர்கள். யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். மோசேயும் ஆரோனும் பார்வோனிடம் முதன்முதலாகக் கேட்டது என்ன? வனாந்தரத்தில் கர்த்தருக்குப் பண்டிகை கொண்டாடத் தங்கள் ஜனத்தை அனுப்பும்படியே கேட்டார்கள். வேலை செய்யும் இடத்தில் பண்டிகைக்கு நாள் கேட்ட விண்ணப்பம் அது. பார்வோன் சொன்ன பதிலும் நமக்குப் பழக்கமானதே. இவர்கள் சோம்பேறிகள், அதனால்தான் பண்டிகை என்கிறார்கள் என்றான். அன்றே ஆளோட்டிகளை அழைத்து, இனி வைக்கோல் கொடுக்க வேண்டாம், ஆனால் செங்கலின் கணக்கு ஒன்றும் குறையக் கூடாது என்று கட்டளையிட்டான். ஜனங்கள் தாங்களே தாளடிகளைப் பொறுக்கி வந்து அதே எண்ணிக்கையைக் கொடுக்க வேண்டியதாயிற்று. கணக்குக் குறைந்தபோது அடிபட்டவர்கள், அந்த ஜனத்திலிருந்தே நியமிக்கப்பட்ட மேற்பார்வையாளர்கள்.

பண்டிகையைக் கொடுத்துவிட்டு ஞாயிற்றை எடுத்துக்கொள்வதும் அந்தச் செங்கல் கணக்கைச் சேர்ந்ததுதான். ஆனால் பிரியமானவர்களே, பார்வோன் எப்போதும் பெரிய முதலாளியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பத்துத் தையல் இயந்திரம் வைத்திருக்கிறவனும் பார்வோனாகலாம். ஏணியடியில் நிற்கும் போதகனும் ஆகலாம்.

இனி, சட்டம் என்ன சொல்லுகிறது என்பதை நம்மில் பலர் அறியாததால் அதையும் சொல்லுகிறேன். தமிழ்நாட்டின் தொழில் நிறுவனங்களுக்கான தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் 1958ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களும் எல்லாருக்கும் விடுமுறை. அவற்றோடு ஆண்டுக்கு ஐந்து பண்டிகை விடுமுறைகள் உண்டு. அந்த ஐந்தும் எவை என்பது சட்டத்தில் எழுதப்படவில்லை. நிர்வாகத்தையும் தொழிலாளரையும் கலந்துகொண்டு ஆய்வாளர் அவற்றைக் குறிக்க வேண்டும். அந்த நாள்களில் வேலை செய்யாவிட்டாலும் கூலி உண்டு. வேலை வாங்கினால் இரட்டைக் கூலி கொடுக்க வேண்டும். அல்லது அன்றைய கூலியோடு, கூலியுள்ள வேறொரு விடுமுறை நாளும் கொடுக்க வேண்டும்.

இதிலிருந்து இரண்டு காரியங்களை மனத்தில் வையுங்கள். டிசம்பர் 25 வங்கிகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் விடுமுறை என்பதனாலேயே தொழிற்சாலைக்கும் விடுமுறை ஆகிவிடாது. அந்த ஐந்து நாள்களுக்குள் அது இடம்பெற வேண்டும். இடம்பெற்றுவிட்டால் அதற்கு ஈடு என்ற பேச்சே இல்லை. ஈடாக ஒரு ஞாயிறு கேட்கப்படுகிறதென்றால், கிறிஸ்துமஸ் பட்டியலில் இல்லை என்றே பொருள். வார ஓய்வை இடம் மாற்றிக் கொடுத்து அதற்குப் பண்டிகை விடுமுறை என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். அந்தச் சகோதரியிடம் "உங்கள் தொழிற்சாலையின் ஐந்து நாள்கள் எவை?" என்று கேட்டேன். தெரியவில்லை. பட்டியல் எழுதுமுன் தொழிலாளரைக் கேட்க வேண்டும் என்பதும் தெரியவில்லை. வாலிபர் கூட்டத்தில் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. அறியாத உரிமைக்காக நாம் கோபப்பட்டுக்கொண்டிருந்தோம்.

இப்போது உங்கள் விரல்களை எண்ணுங்கள். பொங்கல், ஆயுத பூஜை, தீபாவளி, ரம்ஜான், பக்ரீத், கிறிஸ்துமஸ். ஆறு ஆயிற்று. மாட்டுப் பொங்கலும் தமிழ்ப் புத்தாண்டும் மீலாது நபியும் பெரிய வெள்ளியும் இன்னும் வெளியே நிற்கின்றன. இடமோ ஐந்து. மூன்று சமயத்தாரும் ஒரே வரிசையில் அமர்ந்து தைக்கும் இந்தத் தோல் நாட்டில், வேலூரிலும் இராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும், ஒவ்வோர் ஆண்டும் யாரோ ஒருவரின் நாள் வெளியே நிற்கிறது.

இங்கேதான் நம் உள்ளத்தில் ஒரு கசப்பு முளைக்கிறது. "முதலாளி முஸ்லிம், அதனால் அவர்களுக்கு இரண்டு நாள், பெரும்பான்மை இந்துக்கள், அதனால் அவர்களுக்கு மற்றவை, நம்முடையதைத்தான் தள்ளிவிடுகிறார்கள்" என்று பேசிக்கொள்கிறோம். பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்ற கட்டளை இதற்கும் பொருந்தும். கிறிஸ்துமஸுக்குக் கூலியோடு விடுமுறை கொடுத்து, தம் வீட்டிலிருந்து தொழிலாளர் வீட்டுக்கு வாழ்த்தும் சொல்லியனுப்பும் முஸ்லிம் முதலாளிகளை நான் அறிவேன். நீங்களும் அறிவீர்கள். சட்டமும் முதலாளியின் சமயத்தைக் கேட்பதில்லை. நாம் போய்க் கேட்டோமா என்பதுதான் கேள்வி. நாம் கேட்டபோதும் எதைக் கேட்டோம்? ஒருவருடைய நாளைத் தள்ளிவிட்டு நம்முடையதை வைக்கும்படியல்லவா?

நாம் நம்முடையது என்று சொல்லும் ஞாயிறே நமக்கு எப்படி வந்தது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? பம்பாய் நகரத்து ஆலைகளில் தொழிலாளருக்கு வார ஓய்வு இல்லாதிருந்த காலத்தில், நாராயண் மேகாஜி லோகாண்டே என்பவர் அவர்களைத் திரட்டி ஞாயிற்றுக்கிழமை ஓய்வைக் கேட்டார். ஜோதிராவ் புலேயின் தோழர் அவர். 1884இல் எழுந்த அந்தக் கோரிக்கைக்கு 1890இல்தான் ஆலை முதலாளிகள் இணங்கினார்கள். ஞாயிறு மராட்டிய மக்கள் வணங்கும் கண்டோபா தெய்வத்துக்குரிய நாள் என்பதையும் அவர் ஒரு காரணமாகக் காட்டினார் என்று கூறப்படுகிறது. இன்று இந்தியத் தொழிலாளி ஒருவர் ஞாயிறு அன்று ஆலயத்துக்கு வர முடிகிறதென்றால், அதில் அந்த ஆலைத் தொழிலாளரின் போராட்டத்துக்கும் பங்குண்டு. நம்முடைய ஆராதனை நாளைப் பிறர் நமக்காகவும் சேர்த்து வென்று கொடுத்தார்கள்.

அந்த நாள் இழக்கப்பட்டால் எப்படியிருக்கும் என்பதை நம் அண்டை நாட்டுச் சபை அறியும். இலங்கையில் 1966ஆம் ஆண்டு முதல் 1971 வரை ஞாயிறு வார விடுமுறையாக இல்லை. நிலவின் கட்டங்களைத் தொடர்ந்து வரும் பௌத்தரின் போயா நாள்களே வார ஓய்வாக அறிவிக்கப்பட்டன. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருந்த நம் தமிழ்ச் சகோதரருக்கு ஞாயிறு ஒரு வேலை நாளாயிற்று. பெரும்பான்மையின் நாள்காட்டி ஒன்றே எல்லாருடைய நாள்காட்டியும் ஆகிவிட்டால் சிறுபான்மையினர் நிலை என்னவாகும் என்பதற்கு அந்த ஆண்டுகள் சாட்சி. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர் நூற்றுக்கு ஆறு பேர். முஸ்லிம்களும் ஏறத்தாழ ஆறு பேர். அவர்களுடைய நாள் பறிபோகும்போது மௌனமாயிருந்துவிட்டு, நம்முடைய நாள் மட்டும் நிலைக்கும் என்று நம்புவது பேதைமை.

இப்போது நம் வீட்டுக்குள் திரும்புவோம். நம் கையில் சாவி இருக்கும் இடங்கள் உண்டு. நம்மவர் நடத்தும் பள்ளிகள், மருத்துவமனைகள், அலுவலகங்கள், கடைகள், தையல் கூடங்கள் உண்டு. ஆலயமே ஒரு வேலையிடம்தான். நோன்பு நாளில் மாலை ஒரு மணி நேரம் முன்னதாகப் போகக் கேட்ட முஸ்லிம் கணக்கருக்கு நாம் என்ன சொன்னோம்? பொங்கலன்று காவலுக்கு யாரை நிறுத்தினோம்? டிசம்பரில் நடத்தும் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு எல்லாப் பணியாளரும் வந்தாக வேண்டும் என்று வருகைப் பதிவேடு வைக்கும் வழக்கம் நம்மிடையே எங்கேனும் இருக்குமானால், நம் பிள்ளைகளைத் தொழிற்சாலையில் ஆயுத பூஜைக்குக் கட்டாயச் சந்தா கேட்கிறார்கள் என்று நாம் முறையிட வாய் ஏது? மத்தேயு ஏழாம் அதிகாரத்தின் பன்னிரண்டாம் வசனத்தை ஞாயிறு பள்ளிக் குழந்தையும் மனப்பாடமாகச் சொல்லும். பிறர் நமக்கு எதைச் செய்ய விரும்புகிறோமோ அதை நாம் முதலில் செய்யச் சொன்னார் ஆண்டவர். அவர்கள் செய்தபின் செய்வோம் என்று அதை மாற்றி வாசிக்க நமக்கு அதிகாரம் இல்லை.

"அவர்களுடைய பண்டிகைக்கு விடுமுறை கொடுப்பது அவர்களுடைய வழிபாட்டுக்கு உடன்படுவதாகாதா?" என்று மனச்சாட்சியோடு கேட்கும் விசுவாசிகள் இருக்கிறார்கள். அவர்களை நான் இகழேன். எனினும் உபாகமம் பதினாறாம் அதிகாரத்தைப் பாருங்கள். இஸ்ரவேலர் பண்டிகை ஆசரிக்கும்போது வேலைக்காரனும் வேலைக்காரியும், வாசல்களில் இருக்கிற அந்நியனும், திக்கற்ற பிள்ளையும், விதவையும் அவர்களோடு மகிழ்ந்திருக்க வேண்டும் என்றார் கர்த்தர். ஐந்தாம் அதிகாரத்தில் ஓய்வுநாள் கட்டளைக்குச் சொல்லப்பட்ட காரணத்தையும் பாருங்கள். நீயும் எகிப்தில் அடிமையாயிருந்தாய் என்பதை நினைத்துக்கொள் என்பதே அது. ஓய்வைக் கொடுக்கிறவன் தன் பழைய அடிமைத்தனத்தை நினைத்துக் கொடுக்கிறான். ஒருவருக்கு ஒரு நாளைக் கொடுப்பதும், அந்த நாளில் அவர் வணங்குவதை நாம் வணங்குவதும் வெவ்வேறு காரியங்கள். முன்னது நீதி. பின்னதை யாரும் யாரிடமும் கேட்கக் கூடாது.

சீரியாவின் படைத்தலைவனாகிய நாகமான் கர்த்தரை அறிந்தபின் எலிசாவிடம் ஒரு சங்கடத்தைச் சொன்னான். தன் எஜமான் ரிம்மோன் கோவிலில் பணியும்போது, அவனுக்குக் கைகொடுத்துத் தானும் குனிய நேரிடும் என்றான். அது அவனுடைய உத்தியோகத்தின் கட்டாயம். எலிசா அவனைக் கடிந்துகொள்ளவில்லை. சமாதானத்தோடு போகச் சொன்னான். நம் தீர்க்கதரிசி ஒருவன் பிற தேசத்து ஊழியனின் வேலை நெருக்கடியை இவ்வளவு இரக்கத்தோடு பார்த்தானென்றால், நாம் நம்மிடம் வேலை செய்கிறவரின் நெருக்கடியை எப்படிப் பார்க்க வேண்டும்? எவரும் கட்டாயமாக வணங்க வேண்டாம். எவருடைய நாளும் மறுக்கப்பட வேண்டாம். இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்பில் டிசம்பர் தோறும் நமக்கு வரும் காணொளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேலைநாடுகளில் கடைக்காரர்கள் கிறிஸ்துமஸ் வாழ்த்து என்று சொல்லாமல் பண்டிகைக் கால வாழ்த்து என்று சொல்லிவிட்டார்களாம், கிறிஸ்துமஸுக்கு ஆபத்தாம். அந்தக் கோபத்தை இங்கே இறக்குமதி செய்யாதீர்கள். நாம் தைக்கும் காலணிகளை வாங்கும் ஜெர்மனியில் டிசம்பர் 25, 26 ஆகிய இரண்டு நாளும் பொது விடுமுறை. அங்கே ஒரு வாழ்த்துச் சொல்லைப் பற்றி வாதிடலாம். இங்கே நம் சகோதரிக்கு அந்த நாளே ஈடில்லாமல் கிடைக்கவில்லை. அங்கிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது வேறு. 2023 ஜூனில் ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஞாயிறு அன்று வேலைக்கு வர மறுத்த ஜெரால்டு கிராஃப் என்ற கிறிஸ்தவ அஞ்சல் ஊழியரின் வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஊழியரின் சமய வழக்கத்துக்கு இடங்கொடுக்க மறுக்கும் நிர்வாகம், அதனால் தன் தொழிலுக்குக் கணிசமான சுமை உண்டாகும் என்று காட்ட வேண்டும் என்றது. அந்தச் சட்டம் கிறிஸ்தவனின் ஞாயிற்றுக்கு மட்டும் எழுதப்பட்டதன்று. யூதனின் சனிக்கிழமைக்கும் முஸ்லிமின் வெள்ளிக்கிழமைக்கும் அதுவே அரண்.

"ஏற்றுமதி நாள் தவறினால் ஆர்டர் போய்விடும், வரிசையில் நான்கு பேர் இல்லாவிட்டால் வரிசையே நின்றுவிடும்" என்று நிர்வாகத்தார் சொல்வார்கள். அது பொய்யன்று. ஆனால் பண்டிகை திடீரென்று வருவதில்லை. கிறிஸ்துமஸ் எந்த நாளில் என்று பத்தாண்டுகளுக்கு முன்பே தெரியும். ரம்ஜானும் ஒரு நாள் முன்பின்னாகக் கணக்கிடக் கூடியதே. விடுமுறை மறுக்கப்பட்டால் தொழிலாளி எப்படியும் அன்று வருவதில்லை, சொல்லாமல் நின்றுவிடுகிறார். முன்னரே தெரிந்த நான்கு வெற்றிடங்களை நிரப்பிவிடலாம். காலை எட்டு மணிக்குத் தெரியவரும் வெற்றிடமே வரிசையை நிறுத்துகிறது.

வரப்போகும் ஆண்டுகளை எண்ணினால் இதன் அவசரம் விளங்கும். ரமலான் மாதம் ஆண்டுக்குப் பதினொரு நாள் அளவில் முன்னோக்கி வருகிறது. 2000ஆம் ஆண்டில் கிறிஸ்துமஸ் முடிந்த சில நாள்களுக்குள் ரம்ஜான் வந்ததை மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பீர்கள். அந்தக் காலம் திரும்பி வருகிறது. 2030ஆம் ஆண்டில் ரமலான் நோன்பு இருமுறை தொடங்கும். ஜனவரி முதற்பகுதியில் ஒருமுறை, டிசம்பர் கடைசி வாரத்தில் மறுமுறை. அப்போது கிறிஸ்துமஸும் புத்தாண்டும் பொங்கலும் ரம்ஜானும் குடியரசு நாளும் ஏறக்குறைய ஒரே மாதத்துக்குள் வந்து நிற்கும். அந்த மார்கழியில் ஒருவர் நாளுக்காக மற்றவர் நாளைப் பிடித்து இழுப்போமா, அல்லது ஒருவருக்கொருவர் இடங்கொடுப்போமா? அதை அந்த ஆண்டில் தீர்மானிக்க முடியாது. இப்போதே பழக வேண்டும்.

ஆகவே, செய்யக்கூடியவற்றைச் சொல்லுகிறேன்.

தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களே, உங்கள் நிறுவனத்தின் ஐந்து நாள்கள் எவை என்று இந்த வாரமே கேட்டறியுங்கள். அடுத்த ஆண்டுப் பட்டியல் எழுதப்படுமுன் பேசுங்கள். தனியாகப் போகாதீர்கள். உங்கள் வரிசையில் தைக்கும் இந்துச் சகோதரியையும் முஸ்லிம் சகோதரியையும் அழைத்துக்கொண்டு போங்கள். மனுவில் முதல் வரியில் அவர்களுடைய நாளை எழுதுங்கள், இரண்டாம் வரியில் உங்களுடையதை எழுதுங்கள். ஐந்து என்பது சட்டம் வைத்த குறைந்தபட்சம். நிர்வாகம் மனம் வைத்தால் ஆறும் கொடுக்கலாம். அந்த ஆறோடு, பட்டியலுக்கு வெளியே நிற்கும் நாள்களிலிருந்து அவரவர் தெரிந்துகொள்ளும் ஒன்றிரண்டு நாள்களையும் கேளுங்கள். மத்திய அரசு அலுவலகங்களில் ஊழியர் ஒவ்வொருவரும் பட்டியலிலிருந்து தமக்கு வேண்டிய இரண்டு நாள்களைத் தெரிந்துகொள்ளும் ஏற்பாடு நெடுங்காலமாக இருக்கிறது. முடியாத காரியம் எதையும் நாம் கேட்கவில்லை.

மருத்துவமனையிலும் காவல் பணியிலும் இருக்கிறவர்களே, அங்கே எல்லாருக்கும் ஒரே நாளில் விடுமுறை இயலாது. ஆகையால் ரம்ஜான் அன்றும் பொங்கல் அன்றும் உங்கள் பெயரைப் பணிப் பட்டியலில் நீங்களே எழுதிக் கொடுங்கள். யாரும் கேட்பதற்கு முன் கொடுங்கள்.

வேலை கொடுக்கிறவர்களே, உங்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. துண்டுக்குக் கூலி வாங்கி வீட்டுத் திண்ணையில் தைக்கும் பெண்களுக்குச் சட்டத்தின் பட்டியல் எட்டுவதில்லை. அவர்களுக்குப் பண்டிகை நாள் என்றால் கூலியில்லா நாள். உபாகமம் சொல்லும் விதவையும் அந்நியனும் அவர்கள்தாம். உங்களிடம் தைக்கிறவர்களுக்கு அவரவர் பண்டிகை நாளில், முந்தின வாரத்துச் சராசரிக் கூலியைக் கொடுங்கள். அது உங்கள் காணிக்கைகளுள் ஒன்றாக எண்ணப்படட்டும். கேரல் பவனி உங்கள் வாசலுக்கு வரும்போது, அந்த வாசலில் வேலை செய்கிறவர்களும் மகிழ்ந்திருக்கட்டும்.

என் பங்குக்கு, இவ்வாண்டு நம் ஆலயத்து நட்சத்திரம் திருக்கார்த்திகைக்கு மறுநாள் கட்டப்படும். ஆலயத்தில் பணியாற்றும் ஒவ்வொருவரின் பண்டிகை நாளும், அவர் எந்தச் சமயத்தவராயினும், கூலியோடு விடுமுறை என்று சபைக் குழுவின் முன் வைக்கிறேன். அந்த மின் பணியாளரை நேரில் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அதெல்லாம் இன்னுமா ஐயா நெனப்புல வச்சிருக்கீங்க?" என்றார். மறந்தவர் நான், நினைவில் வைத்திருந்தவர் அவரே என்பது அவருடைய முகத்தில் தெரிந்தது. வாலிபர் கூட்டத்தின் மனு இன்னும் அனுப்பப்படவில்லை. மாட்டுப் பொங்கலுக்கு ஆள் அழைத்த சகோதரர், வருகிற தைமாதம் தம் கூடத்தைக் கூலியோடு அடைப்பதாகச் சொல்லியிருக்கிறார். மனுவின் முதல் வரியை எழுத அந்தப் பெண்ணையே கேட்டிருக்கிறேன்.

கிறிஸ்து பிறந்த இரவில் அந்தச் செய்தி முதலில் யாருக்கு அறிவிக்கப்பட்டது? வயல்வெளியில் இராக்காவல் வேலையில் இருந்த மேய்ப்பருக்கு. அவர்கள் வேலையை விட்டுப் பெத்லெகேமுக்குத் தீவிரமாய்ப் போனார்கள் என்கிறார் லூக்கா. மந்தையை அப்போது யார் பார்த்துக்கொண்டார்கள் என்று அவர் எழுதவில்லை. யாரோ ஒருவர் "நீங்கள் போய் வாருங்கள்" என்று சொல்லியிருக்கலாம் என்று எண்ணிக்கொள்ள எனக்கு ஆசை. இந்த ஆண்டு நீங்கள் அந்த ஒருவராயிருங்கள்.

ஜெபிப்போம். எகிப்தின் செங்கற்சூளையிலிருந்து எங்களை மீட்ட தேவனே, நாங்கள் கேட்கும் ஓய்வைப் பிறருக்குக் கொடுக்கும் மனத்தை எங்களுக்குத் தாரும். அயலாரின் வீட்டு விளக்கை அணைத்து எங்கள் நட்சத்திரத்தை ஏற்றிய பாவத்தை மன்னியும். தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் எங்கள் சகோதரிகள் வரும் ஆண்டில் உமது பந்தியில் அமரும்படி செய்யும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம், பிதாவே. ஆமென்.